சேட்டு வீட்டில் சர்க்கார் எலி

எலியைப் பற்றி மனு கொடுத்தால் எலிதான் வரும் என்பது சேட்டுவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மனு எழுத ஆலங்காயம் வரை மலையிறங்கிப் போயிருக்கவே மாட்டான்.

ஜவ்வாது மலையில் புளியங்கொல்லை என்று பதினாறு வீடுகள் உள்ள ஊர். அதில் கடைசி வீடு சேட்டுவுடையது. ஒன்றரை ஏக்கர் மேட்டுக் கொல்லை, எட்டு ஆடு, மனைவி வடிவு, நான்கு பிள்ளைகள், ஒரு தொம்பை. மூங்கிலில் முடைந்து, சாணமும் மண்ணும் பூசி, ஆளுயரத்துக்கு நிறுத்தியிருப்பார்களே, அந்தத் தொம்பைதான். கார்த்திகையில் அறுத்த சாமை அதில் போய்ச் சேரும். அடுத்த அறுப்பு வரை ஆறு பேருக்கும் அதுதான் சோறு, ஆடியில் விதைக்க அதுதான் விதை. இந்த ஆறு பேர் குடும்பத்தில் எலி ஏழாவது பங்காளியாகச் சேர்ந்து, எல்லோரையும் விடப் பெரிய பங்காக எடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் ஆனி பிறக்கும் முன்பே தொம்பை காலி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டில் கிழங்கு தோண்டித் தின்றுதான் காலத்தை ஓட்டினார்கள். இன்னொரு வருஷம் அப்படிப் பார்க்கத் தன்னால் முடியாது என்று வடிவு சொல்லிவிட்டாள்.

சேட்டு மனு கொடுத்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்தில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். வெறுமனே எலித் தொல்லை என்று எழுதினால் எந்த அதிகாரி மதிப்பான் என்பது அவர் கட்சி. அதனால் கொஞ்சம் தமிழ் சேர்த்து எழுதினார். "எங்கள் கிராமத்தில் எலிகள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருகி, கொழுத்து, யாதொரு நோய்நொடியுமின்றி வாழ்ந்து வருகின்றன என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஐயா அவர்கள் இது விஷயத்தில் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்." படித்துக் காட்டியபோது சேட்டுவுக்கே பெருமையாக இருந்தது. கைநாட்டு வைத்தான்.

மனு மேசை மேசையாக நடந்துகொண்டிருந்த அந்த இரண்டு வருஷத்தில், இனி உலகத்தை ஆளப்போவது உயிர் அறிவியல்தான் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். உடனே மலைப்பகுதி உயிர் அறிவியல் தொழில் வளர்ச்சிக் கழகம் என்று ஒன்று பிறந்தது. கழகத்துக்குத் தலைவர் வந்தார், ஜீப் வந்தது, முத்திரை வந்தது. தொழில்தான் வரவில்லை. உயிர் அறிவியல் என்றால் மருந்து, மருந்து என்றால் சோதனை, சோதனை என்றால் எலி என்று ஆறு கூட்டம் போட்டு முடிவுக்கு வந்தார்கள். எலி வளரக் குளிர்ச்சியான மலை வேண்டும். எந்த மலையில் எலி நன்றாக வளரும் என்பதற்கு எழுத்துமூலமான ஆதாரமும் வேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடியதில் கைநாட்டோடு கூடிய ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கொழுத்து, நோய்நொடியின்றி என்ற இடத்தில் யாரோ சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் ஒருநாள் காலை, கழகத்தின் ஜீப் புளியங்கொல்லைக்கு வந்து நின்றது. கள அலுவலர் பஞ்சாட்சரம் இறங்கினார். வேலூர்க்காரர், ஐம்பது வயது, மலைக்குளிருக்குப் பயந்து மப்ளரை அவிழ்க்காத மனிதர். பின்னால் துணி போட்டு மூடிய பெட்டிகள் இறங்கின. எலிப் பாஷாணம் வந்துவிட்டது என்று சேட்டு கையெடுத்துக் கும்பிட்டான். பஞ்சாட்சரம் துணியை விலக்கினார். உள்ளே பன்னிரண்டு வெள்ளை எலிகள், சிவந்த கண்ணோடு சேட்டுவைப் பார்த்தன.

"இன்னாங்க சார் இது?"

"எலி."

"அது தெரியுதுங்க. எங்ககிட்டயே எலி நெறைய கீதுங்களே."

"அது கறுப்பு. பதிவு இல்லாதது. இது பதிவு பெற்ற எலி." பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டதால் குரல் தானாகவே மேடைக்குரலாகிவிட்டது. "வெளிநாட்டுக்காரன் மருந்து கண்டுபிடிக்கிறான்னா எதனால? எலியால. நம்மகிட்ட விஞ்ஞானிங்க இருக்காங்க. கமிட்டி இருக்கு. கட்டடத்துக்கு வரைபடம் இருக்கு. இல்லாதது எலி ஒண்ணுதான். அந்தக் குறையும் இன்னியோட தீர்ந்துது. சேட்டு, இந்த மலையில முதல் உயிர் அறிவியல் தொழில்முனைவோர் நீதான்."

"நான் எலிய ஒழிக்கத்தாங்க மனு குடுத்தேன்."

பஞ்சாட்சரம் மனுவை எடுத்து விரித்தார். "ஒழிக்கன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு. தக்க நடவடிக்கைன்னுதான் இருக்கு. அந்த நடவடிக்கைதான் இது."

சேட்டுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வடிவு மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அவள் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஒழிக்கன்னு இல்லதான்" என்றாள்.

அடுத்த பதினைந்து நாளில் சேட்டுவின் வீட்டு உள்ளறை உருமாறிவிட்டது. தரைக்குச் சிமெண்டு பூசினார்கள். ஜன்னலுக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் கம்பிவலை அடித்தார்கள். கதவின் கீழே ஒரு முழத்துக்குத் தகரம் வைத்தார்கள். பதிவு இல்லாத எலி உள்ளே போய்ப் பதிவு பெற்ற எலிக்கு வியாதி கொடுத்துவிடக் கூடாதே. ஜவ்வாது மலையிலேயே கறுப்பு எலி நுழைய முடியாத ஒரே அறை சேட்டுவின் வீட்டில் அமைந்தது. அதில் எலியைக் குடிவைத்தார்கள்.

தொம்பை நின்றிருந்ததும் அந்த அறையில்தான். அது அப்படியே ஒரு மூலையில் இருந்தால் போகட்டும் என்று பஞ்சாட்சரமே பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் கழகத்தின் விதி ஒன்று குறுக்கே வந்தது. எலி அறைக்குள் வெறுங்காலோடு யாரும் நுழையக் கூடாது. சேட்டுவுக்கு முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுக்கப்பட்டது.

அந்த மலையில் சாமை இருக்கும் இடத்தில் செருப்புக் கால் வைக்க மாட்டார்கள். களத்திலும் சரி, வீட்டிலும் சரி. தின்கிற சோற்றை மிதித்த மாதிரி என்பது எண்ணம். சேட்டு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் அரைமணி நேரம் நின்றான். கழகம் பூட்ஸைக் கழற்ற விடாது. சாமையோ பூட்ஸை உள்ளே விடாது. கடைசியில் பூட்ஸ் உள்ளே போயிற்று, சாமை வெளியே வந்தது. நாலு பேர் சேர்ந்து தொம்பையை ஆட்டுக் கொட்டாயில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு முதல் தடவை உள்ளே போனபோது சேட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எலிகளுக்குக் கோதுமை வந்தது, வேர்க்கடலை வந்தது, பால் பவுடர் வந்தது. காலையில் வடிவு பிள்ளைகளுக்குச் சாமைக் கூழைக் கரைத்து ஊற்றிவிட்டு, எலிகளுக்குப் பாலைக் கலக்கிக் கொண்டுபோவாள். சின்னவள் பின்னாலேயே வந்து கம்பிவலையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் தனக்கும் அந்தத் தீனி வேண்டும் என்று அழுதாள். "நீ எலியா பொறந்திருந்தா குடுப்பாங்க" என்றாள் வடிவு.

வாரம் ஒருமுறை பஞ்சாட்சரம் வந்து பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்ப்பார். எலியைத் தட்டிக்கொடுப்பார். சேட்டுவின் தோளையும் தட்டிக்கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆனால் பதிலுக்கு முன்பே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். ஆட்டுக் கொட்டாயில் தொம்பையை எலி குடைகிறது என்று சேட்டு மூன்று வாரமும் சொன்னான். மூன்று வாரமும் அவர், "அது என் பிரிவு இல்லப்பா" என்றார்.

அந்தப் பிரிவும் ஒருநாள் வந்தது. மாசிக் கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுப்பிரமணி என்று ஒருவர் ஊருக்குள் நுழைந்தார். சேட்டுவின் அதே மனு, நகலாகி இன்னொரு மேசைக்கும் போயிருந்ததாம். அது எலி ஒழிப்பு மேசை. சுப்பிரமணியின் பையில் பாஷாணம் இருந்தது. சேட்டுவுக்குக் கடவுளே நேரில் வந்தது மாதிரி ஆகிவிட்டது.

"எலி ஒழிப்பு வாரம்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் இருநூறு வால் கணக்குக் காட்டணும்" என்றார் சுப்பிரமணி. "கொல்றது முக்கியம் இல்ல. வால்தான் முக்கியம்."

அன்று பார்த்துப் பஞ்சாட்சரமும் வந்திருந்தார். பாஷாணப் பையைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எலி அறைக்கு முன்னால் நின்றார். அரசாங்க எலி இருக்கும் இடத்தைச் சுற்றிக் கால் மைலுக்கு விஷம், பொறி, பூனை மூன்றும் கூடாது என்று விதியைப் படித்தார். பூனை என்றதும்தான் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் பூனை அவர் கண்ணில் பட்டது. அன்றே அதைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றி அமிர்திக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பச்சையம்மா அன்றிலிருந்து சேட்டு வீட்டாரோடு பேசவில்லை.

"சார், கறுப்பு எலிய மட்டும் கொல்றேன். உங்க எலி பக்கம் வரல" என்று சுப்பிரமணி கெஞ்சிப் பார்த்தார்.

"விஷத்துக்கு வெள்ளை கறுப்பு தெரியுமா?"

"தெரியாதுதான்." சுப்பிரமணி கம்பிவலை வழியாக உள்ளே பார்த்தார். எலி பெருகி அப்போது அறுபதுக்கு வந்திருந்தது. அத்தனை வால் ஒரே இடத்தில் தொங்குவதை அவர் பார்த்த பார்வை பஞ்சாட்சரத்துக்குப் பிடிக்கவில்லை. "உங்ககிட்ட இவ்ளோ இருக்கே சார். யாராவது வாங்க வந்தாங்களா?"

"கட்டடம் வந்ததும் வாங்குவாங்க."

"கட்டடம் எப்ப வரும்?"

"எலி நல்லா வளருதுன்னு அறிக்கை போனதும் வரும்."

இரண்டு பேரும் சேட்டுவின் வாசலில் உட்கார்ந்து வடிவு கொடுத்த மோரைக் குடித்தார்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். சுப்பிரமணி பாஷாணத்தோடு சந்தவாசல் பக்கம் போனார். விஷமும் இல்லை, பொறியும் இல்லை, பூனையும் இல்லை என்ற செய்தி கறுப்பு எலிகளுக்கு எப்படியோ எட்டிவிட்டது. சுற்றுவட்டாரத்து எலியெல்லாம் புளியங்கொல்லைக்குக் குடிவந்தன.

பங்குனியில் வடிவு தொம்பைக்குள் கைவிட்டு அளந்து பார்த்தாள். பாதிக்குக் கீழே போய்விட்டது. விதைக்கு எடுத்து வைத்துவிட்டால் ஆறு பேருக்கும் வைகாசி தாண்டாது. அவள் கொட்டாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா மே, ஒக்காந்துட்ட?" என்றான் சேட்டு.

"எலி உள்ள கீது. சாமை வெளிய கீது. எவனாவது கேட்டா சிரிப்பான்." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மாத்திடலாம்."

"பஞ்சாட்சரம் சார் வந்தா?"

"அவுரு புள்ளைங்களா கெழங்கு தோண்டப் போவுது?"

மாற்றினார்கள். பூட்ஸ் மிதித்த சிமெண்டுத் தரையைக் கழுவி, அதன்மேல் வடிவு சாணம் தெளித்து மெழுகினாள். தொம்பை பழைய மூலைக்கு வந்தது. எலிப் பெட்டிகள் ஆட்டுக் கொட்டாயில் அடுக்கப்பட்டன. கோதுமை வாசம் பிடித்த ஆடுகள் மறுநாளே பெட்டிகளை முட்டித் தள்ளி, மிச்சமிருந்த தீனியையும் தின்றுவிட்டன. உயிர் அறிவியல் தொழில் முழுவதும் கதவு திறந்துகொண்டு புளியமரம், கூரை, வேலி என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. சேட்டு இரண்டு நாள் கூடையோடு துரத்தினான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் கழகத்தின் தலைவரே வந்துவிட்டார். கோபால்சாமி என்று பெயர், கோட்டும் பூட்ஸுமாக மதராஸிலிருந்து வந்த பெரிய மனிதர். அரைமணி முன்னால் ஓடிவந்த பஞ்சாட்சரம் கொட்டாயைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், அப்படியே ஆட்டுத்தொட்டியின் மேல் உட்கார்ந்தார். "இருபத்தாறு வருஷம் சர்வீஸ்ப்பா எனக்கு" என்றார். சேட்டுவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தலைவர் வெறும் பெட்டிகளைப் பார்த்தார். "எலி எங்கே?"

அந்த நேரம் பார்த்துக் கூரை முகட்டில் ஒரு வெள்ளை எலி ஓடிற்று. பஞ்சாட்சரம் அதைக் கைகாட்டினார். அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்திருக்கும். "திறந்தவெளி வளர்ப்பு முறைங்க ஐயா."

தலைவர் கூரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லப் புன்னகை பூத்தார். "நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். நாம் சொல்லாமலே மக்களே செய்திருக்கிறார்கள். அதுதான் வளர்ச்சி."

ஊரைக் கூட்டி, புளியமரத்தடியில் நாற்காலி போட்டுப் பேசினார். "இந்தக் கழகம் தொடங்கியபோது எங்களிடம் ஒன்றுமே இல்லை. இன்று இரண்டு ஜீப், பதினான்கு அதிகாரிகள், ஒரு துணைக்குழு இருக்கிறது. எலி கூண்டிலிருந்தால் பன்னிரண்டு, அறுபது என்று யாராவது எண்ணிக் கேள்வி கேட்பார்கள். திறந்தவெளியில் எண்ண முடியாது. எண்ண முடியாத வளர்ச்சிதான் உண்மையான வளர்ச்சி." ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். ஜீப்பில் வந்தவர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம்தான் அவர் கண் எலி அறைக்குப் போயிற்று. கம்பிவலைக்குள் தொம்பை தெரிந்தது. "அது என்ன?"

"தீவன இருப்புங்க ஐயா" என்றார் பஞ்சாட்சரம். திறந்தவெளி வளர்ப்பு பலித்துவிட்டதில் அவருக்குத் தைரியம் வந்திருந்தது.

"எங்க சாமைங்க அது" என்றான் சேட்டு.

"உள்ளூர்த் தீவனம்" என்று தலைவர் தலையாட்டிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கப் போனார். வடிவு வாசலை மறித்து நின்றாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சாமி. உள்ள சாமை கீது."

கழற்றத் தலைவர் தயார்தான். குனிந்து பூட்ஸ் கயிற்றில் கை வைத்துவிட்டார். வெறுங்காலோடு நுழையக் கூடாது என்பது அவரே கையெழுத்துப் போட்ட விதி என்று பஞ்சாட்சரம் காதோடு சொன்னார். தலைவர் நிமிர்ந்தார். பூட்ஸோடு போனால் மக்களின் நம்பிக்கை புண்படும். இல்லாமல் போனால் விதி புண்படும். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்து, இரண்டு பக்கமும் நோகாமல் தீர்ப்புச் சொன்னார். "யாருமே நுழைய வேண்டாம். பூட்டி அரக்கு முத்திரை வையுங்கள்."

பூட்டினார்கள். அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்கள். தீவன இருப்பை எலிகளின் தேவைக்குத் தவிர வேறெதற்கும் திறக்கக் கூடாது, கள அலுவலர் வாராவாரம் வந்து எலிக் கணக்குப்படி அளந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு ஒட்டினார்கள். தலைவரின் ஜீப் கிளம்பிப் போயிற்று. கறுப்பு எலிகள் அன்றெல்லாம் கதவுத் தகரத்தைப் பிறாண்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுத் திரும்பின. சேட்டுவின் சாமை ஒரு மணிகூடச் சேதமாக வழியில்லாமல் பத்திரமாக இருந்தது. அவன் வீட்டில் அன்று உலை வைக்க வழியில்லை.

அடுத்த நாலு நாள் பச்சையம்மா கொடுத்த கேழ்வரகில் ஓடியது. பூனையைப் பறிகொடுத்தவள்தான், ஆனால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோபத்தை விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் பஞ்சாட்சரம் சாவியும் பதிவேடுமாக வந்தார். வாசலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"தீவனம் வழங்கணும். எலி எத்தினி?"

வடிவு நான்கு பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினாள். தானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, சேட்டுவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஆறு" என்றாள்.

"இன்னாம்மா ஆறு? அறுபது இருந்துதே?"

"இப்ப கீறது ஆறுதாங்க. நல்லா பாத்துக்குங்க."

பஞ்சாட்சரம் நிமிர்ந்து பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் அந்த வீட்டு மனிதர்களை அவர் சரியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் வாயில் விரல் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு எலிக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிதான் குடுக்க முடியும். விதி அப்படி" என்றார். பிறகு குனிந்து, அறுபது என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சுழியும் சேர்த்தார். மேலிடத்துக்கு அறிக்கை நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தாரா, மனசு கேட்காமல் செய்தாரா என்று வடிவு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முத்திரையை உடைத்து, பூட்டைத் திறந்து, பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

அறுநூறு எலிக்கு ஒரு வாரத் தீவனம் அளந்தால் ஒரு மூட்டைக்குக் குறையவில்லை. ஆறு பேருக்கு அது இரண்டு மாதம் போகும். அன்று மத்தியானம் சாமைச் சோறு வெந்து இறங்கியபோது, வடிவு முதல் தட்டைப் பஞ்சாட்சரத்துக்கு வைத்தாள். அவர் தயங்கினார்.

"சாப்பிடுங்க சார்" என்றான் சேட்டு. "ஏழுன்னு எழுதிக்கலாம்."